கட்டியது ஒன்று, பில்லில் இருப்பது ஒன்று

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ஆன்லைனில் கார்டிலிருந்து போன தொகையும் கடை அனுப்பிய பில்லும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையுமே திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். சில திருட்டுதான். சில கணக்குப் பிசகு. சில, மன்னிக்கவும், பில்லைக் கடைசி வரை படிக்காததால் வந்த வினை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், வசவுகளை எடுத்துவிட்டேன்.

கே: ஒரே ஆர்டர், ஒரே பில். ஆனால் கார்டில் அதே தொகை இரண்டு முறை போயிருக்கிறது. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்ததால் பட்டனை மறுபடி அழுத்தினேன். இரண்டாவது பணம் திரும்பி வருமா?

ப: கார்டில் பணம் போவது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் வங்கி அந்தத் தொகையை உங்கள் கணக்கில் நிறுத்தி வைக்கும். கடை கேட்ட பிறகுதான் அது உண்மையில் கைமாறும். கடை கேட்காமல் விட்டால் நிறுத்தி வைத்தது சில நாளில் தானாக விடுபட்டுவிடும். வங்கிச் செயலியில் இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் ‘பெண்டிங்’ என்றிருந்தால் ஒரு வாரம் பொறுங்கள். இரண்டுமே முடிந்த கணக்கில் ஏறிவிட்டிருந்தால் கடைக்கு எழுதுங்கள். ஆர்டர் எண், இரண்டு வரிகளின் தேதி, தொகை, பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் முதல் மெயிலிலேயே போடுங்கள். “ரெண்டு தடவை எடுத்துட்டீங்க” என்று மட்டும் எழுதினால் ஆர்டர் எண் கேட்டு ஒரு பதில் வரும், அதிலேயே நாலு நாள் போய்விடும்.

அடுத்த முறை பக்கம் சுற்றினால் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டன் காலிங் பெல் இல்லை.

கே: பில் ஒரே தொகைக்கு. கார்டில் மூன்று வெவ்வேறு தொகைகள் போயிருக்கின்றன, ஒன்றுகூடப் பில்லோடு பொருந்தவில்லை. மோசடியா?

ப: மூன்றையும் கூட்டிப் பார்த்தீர்களா? (பொருள்கள் மூன்று பார்சலாக வந்திருக்குமே. பார்சல் கிளம்பும்போதுதான் பல கடைகள் பணம் எடுக்கும்.)

கே: வெளிநாட்டுத் தளத்தில் டாலரில் விலை பார்த்து வாங்கினேன். பில்லிலும் அதே எண். கார்டில் போனது கணிசமாக அதிகம்.

ப: எந்த டாலர்? அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், நியூசிலாந்து எல்லாம் போடுவது ஒரே குறி. இந்தக் குழப்பத்துக்காகத்தான் ஐஎஸ்ஓ 4217 என்ற தரத்தில் 1978-லேயே ஒவ்வொரு நாணயத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு வந்தது. பில்லில் அந்த மூன்றெழுத்தைத் தேடுங்கள். நானே ஒரு படிப்பு விளக்கை மலிவான டாலரில் கிடைக்கிறது என்று நினைத்து வாங்கினேன். அது வேறு டாலர். விளக்கும் மங்கல்.

நாணயம் சரிதான் என்றால், ஸ்டேட்மென்டில் வெளிநாட்டு நாணயத் தொகை தனியாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது பில்லோடு ஒத்துப்போனால் கடை மேல் தப்பில்லை. மிச்சமெல்லாம் வங்கியின் மாற்று விகிதமும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும். ஒத்துப்போகவில்லை என்றால், பணம் கட்டும் திரையில் ‘உங்கள் நாட்டு நாணயத்திலேயே செலுத்தலாம்’ என்று கேட்டதற்கு ஆமாம் சொல்லியிருப்பீர்கள். அந்த விகிதத்தை நிர்ணயிப்பது விற்பவர் பக்கம், தங்கள் லாபத்தையும் சேர்த்துத்தான். எப்போதும் விற்பவரின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, பொருளைத் திருப்பி அனுப்பினால் ரீஃபண்டுக்கு அன்றைய விகிதம்தான். கடை முழுசாகக் கொடுத்தாலும் உங்கள் கைக்குக் கூடவோ குறையவோ வரலாம்.

கே: பில்லில் பொருள், வரி, டெலிவரி எல்லாம் சரி. கார்டில் போனது மட்டும் சற்று அதிகம். கேட்டால், ‘பாதுகாப்புத் திட்டத்தை நீங்கள்தான் சேர்த்தீர்கள், அது வேறு நிறுவனம், எங்கள் பில்லில் வராது’ என்கிறார்கள். நான் எதையும் சேர்க்கவில்லை. தொகை சின்னதுதான், விட்டுவிடலாமா?

ப: விடாதீர்கள். எனக்கும் இந்தச் சின்னத் தொகைக்கும் பழைய பகை உண்டு. கால் பிடித்துவிடும் மெஷின் ஒன்று வாங்கினேன். (வாங்கியதே தப்பு. நாய் குரைத்த குரைப்பில் அது பாதி நாள் அலமாரியில்தான் இருந்தது.) கட்டும் பக்கத்தின் அடியில் ஒரு பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. நாலாம் மாதம் மெஷின் நின்றதும், சரி, திட்டத்துக்காகவாவது உபயோகம் இருக்கிறதே என்று கேட்டேன். ‘பயன்பாட்டால் தேய்ந்தது இதில் அடங்காது’ என்று பதில் வந்தது. கால் பிடிக்கும் மெஷினைப் பயன்படுத்தாமல் எப்படிக் கெடுப்பது என்று நான் திருப்பி எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இப்படி ஆளை ஏமாற்றி ஆமாம் சொல்ல வைக்கும் திரை வடிவமைப்புக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று 2010-ல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர். கூடையில் நமக்குத் தெரியாமல் எதையாவது நுழைப்பது அதில் ஒரு வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை உத்தரவு, முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியால் வசூலித்த கூடுதல் பணத்தைத் திருப்பிக் கேட்க வாங்குபவருக்கு உரிமை தருகிறது. இந்தியாவில் 2023-ல் வந்த வழிகாட்டுதல்கள் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. ஆக, ஊருக்குத் தெரிந்த தில்லுமுல்லுதான்.

தொகையைச் சின்னதாக வைப்பதே, நீங்கள் ‘விட்டுவிடலாமா’ என்று கேட்க வேண்டும் என்பதற்காக. பில்லில் காட்டாமல் இருப்பது அதைவிடச் சாமர்த்தியம். கடையின் பில் பளிச்சென்று சுத்தமாக இருக்கும், கார்டு ஸ்டேட்மென்டோடு வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். கடைக்கு இரண்டே கேள்வி எழுதுங்கள்: என் ஒப்புதலை எந்தத் திரையில் எப்படி வாங்கினீர்கள்? அந்த வேறு நிறுவனத்தின் பில் எங்கே? கூடவே திட்டத்தை ரத்து செய்யும்படியும் எழுதுங்கள். பல திட்டங்களில் ஆரம்ப நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும், அதனால் நாளைக் கடத்தாதீர்கள்.

கே: நான் சிறிய ஆன்லைன் கடை நடத்துகிறேன். பணம் வசூலிக்கும் கேட்வே எடுத்ததற்கும், பில்லிங் மென்பொருள் போட்ட இன்வாய்ஸுக்கும் சில சமயம் 0.01 வித்தியாசம். ஒரு வாடிக்கையாளர் என்னைத் திருடி என்றே எழுதிவிட்டார்.

ப: இந்தப் பக்கத்துக்கு விற்பவர் எழுதுவது அபூர்வம், உட்காருங்கள். வெவ்வேறு பொருள் மூன்று, ஒவ்வொன்றும் 9.95, வரி 10 சதவீதம் என்று வைப்போம். தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் வரி 0.995. அதை 1.00 ஆக்கினால் மூன்றுக்கும் 3.00. மொத்தம் 29.85-க்கு ஒரே தடவை போட்டால் 2.985, அதாவது 2.99. இரண்டும் சரியான கணக்குதான். உங்கள் கடைத் தளம் ஒருவிதமாகவும் பில்லிங் மென்பொருள் இன்னொரு விதமாகவும் முழுதாக்குகின்றன. இன்வாய்ஸ் வரியைத் தானாகக் கணக்கிடாமல், பணம் கட்டிய திரையில் வந்த தொகையையே எடுத்துக்கொள்ளும்படி மாற்றச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்கு விற்றால் கூடுதல் கவனம் தேவை: யென்னுக்குத் தசமம் கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இலக்கம். பல கேட்வேக்கள் தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கேட்கும். யென்னை டாலர் மாதிரி நினைத்து அனுப்பினால் நூறு மடங்கு எடுத்துவிடும், அப்போது திருடி என்பதோடு நிற்க மாட்டார்கள்.

தவறான இன்வாய்ஸைத் திருத்தி அதே எண்ணில் மறுபடி அனுப்பும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். கிரெடிட் நோட் (பழைய பில் தொகையைக் கழித்துக் காட்டும் சீட்டு) போட்டுப் பழையதை ரத்து செய்து, புது எண்ணில் புது இன்வாய்ஸ் கொடுங்கள். திருடி என்றவருக்கு அந்த 0.01-ஐத் திருப்பிக் கொடுத்து மேலே உள்ள கணக்கையும் அனுப்புங்கள்.

கே: பில்லை விட அதிகமாக எடுத்தார்கள். ஒப்புக்கொண்டு கிரெடிட் நோட்டும் அனுப்பினார்கள். ஆறு வாரமாகியும் பணம் வரவில்லை. இப்போது பதிலே இல்லை. நான் வேலையில்லாமல் இருக்கும் நேரம் இது.

ப: ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. கிரெடிட் நோட் என்பது கடன்பட்டதற்கு ஒப்புதல் மட்டும், பணம் வந்ததற்கு அத்தாட்சி ஆகாது. ரீஃபண்ட் உண்மையிலேயே அனுப்பியிருந்தால் 23 இலக்கத்தில் ஏஆர்என் என்ற எண் உருவாகியிருக்கும். கடைசியாக ஒரு மெயில் போட்டு அதைக் கேளுங்கள். எண் வந்தால் உங்கள் வங்கி அதை வைத்துத் தேடிவிடும். வராவிட்டால் ஒரு நாளும் காத்திருக்காமல் வங்கியில் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கடையிடமிருந்து பணத்தை வங்கி வழியாகத் திருப்பி வாங்கச் சொல்லுங்கள். விசா கார்டு விதிகளில் தவறான தொகைக்கு 12.5, வராத ரீஃபண்டுக்கு 13.6 என்று தனித்தனி காரண எண்ணே உண்டு. கெடு பொதுவாக 120 நாள், உங்கள் வங்கி அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம். கிரெடிட் நோட் உங்கள் கையில் இருப்பது பெரிய பலம், அதை முதல் பக்கமாக வையுங்கள்.

கோபத்தில் ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கார்டை முடக்குவார்கள், பொய் என்று தெரிந்ததும் நியாயமான வழக்கும் தோற்கும். கூடுதலாகப் போன தொகையை மட்டும் கேளுங்கள்.

கே: எட்டு மாதம் முன்பு வாங்கியதில் தொகை அதிகம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. பில் மெயிலை அழித்துவிட்டேன். கார்டு நண்பருடையது.

ப: நண்பருக்குத் தெரியுமா?

கே: பில்லில் அதிகம், கார்டில் குறைவாகப் போயிருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருக்கலாமா?

ப: முதலில் பில்லின் அடியில் பாருங்கள். கிஃப்ட் கார்டிலோ சேர்த்து வைத்த பாயின்ட்டிலோ கழித்திருப்பார்கள், பலருக்கு அது மறந்தே போயிருக்கும். அப்படி இல்லாமல் கடையின் தவறுதான் என்றால், உங்கள் கார்டு விவரம் அவர்களிடம் சேமிப்பில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். என்றைக்காவது கண்டுபிடித்து மிச்சத்தை எடுப்பார்கள், நீங்கள் அதைத் திருட்டு என்று எனக்கு எழுதுவீர்கள். இன்றே சொல்லிவிடுங்கள்.