மிஷின் அப்புறம், முதலில் ஃபென்ஸ்

மரவேலை: கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி டேபிள் சா (மேஜை நடுவே வட்டப் பிளேடு எழும்பி நிற்கிற அறுக்கும் மிஷின்) பற்றியவை. கதவு கீல், பாலிஷ் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் 10க்கு 12 அடியில் ஒரு ஷெட் போட்டிருக்கிறேன். மகளுக்குக் கட்டில், அலமாரி எல்லாம் நானே செய்து கொடுக்க ஆசை. தூக்கி வைத்துக்கொள்கிற மாதிரி டேபிள் சா வாங்க 50,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு கடையில் 1800 வாட்ஸ் போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் 2000 வாட்ஸுக்குக் குறையாமல் வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், மஞ்சக்குப்பம்

சார், வாட்ஸை மறந்துவிடுங்கள். மகிட்டாவின் எம்எல்டி 100 வெறும் 1500 வாட்ஸ்தான், ஆனால் 260 மி.மீ. பிளேடு போட்டு 93 மி.மீ. கனம் வரை அறுக்கும். டிவால்ட்டின் 7485 என்ற சின்ன மிஷின் 1850 வாட்ஸ், பிளேடு 210 மி.மீ., அறுக்கும் கனமோ 65 மி.மீ.தான். வாட்ஸ் கூடினால் எல்லாம் கூடும் என்பது கடைக்காரர் கணக்கு. நீங்கள் அறுக்கப்போவது 18 மி.மீ. பிளைவுட்டும் 2 இஞ்ச் சட்டமும், அதுக்கு இரண்டுமே தாங்கும்.

பார்க்க வேண்டியது ஃபென்ஸ். ஆசாரிகள் சிலர் கைடு என்பார்கள். பிளேடுக்குப் பக்கத்தில் இணையாக நிற்கிற நீளச் சட்டம், அதில் மரத்தை அணைத்துத்தான் நெடுக அறுக்கிறோம். போன வருஷம் நண்பர் ஒருவருக்காகத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைக்குப் போனேன். புதுப் பெட்டியைப் பிரித்து வைத்தார்கள், பளபளவென்று இருந்தது, நண்பருக்குக் கண் எடுக்க முடியவில்லை. ஃபென்ஸைப் பூட்டிவிட்டு அதன் பின்நுனியை ஒரே விரலால் தள்ளிப் பார்த்தேன். நல்ல 3 மி.மீ. போய்விட்டு வந்தது. "மரத்தை வெச்சா சரியாயிடும் சார்" என்றார் கடைப் பையன். மரத்தை வைத்தால்தான் தம்பி வம்பே!

ஏன் என்றால், ஃபென்ஸின் பின்நுனி பிளேடு பக்கம் சாய்ந்திருந்தால் மரம் போகப் போக இடம் குறுகும். பிளேடின் முன்பக்கப் பல் மரத்தைக் கீழே அழுத்தி அறுக்கிறது, பின்பக்கப் பல் மேலே எழும்பி வருகிறது. குறுகிய இடத்தில் மரம் நெருங்கிப் பின்பக்கப் பல்லில் பட்டால் அது மரத்தைத் தூக்கி உங்கள் மேலேயே எறியும். கிக்பேக் என்பது இதுதான். 254 மி.மீ. பிளேடு நிமிஷத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் நுனி மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, எறிவதும் அந்தப் பல்தான்.

அதனால் கடைக்குப் போகும்போது ஒரு மூலைமட்டமும் ஒரு மார்க்கரும் எடுத்துப் போங்கள். பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு பிளேடை முழுசாக உயர்த்துங்கள். ஒரு பல்லில் புள்ளி வையுங்கள். மேஜையில் நீளமாக ஓடுகிற பள்ளத்திலிருந்து அந்தப் பல் வரைக்கும் முன்னால் அளந்து, பிளேடைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளந்து பாருங்கள் (வேறு பல்லில் அளக்கக் கூடாது, பிளேடில் கோணல் இருந்தால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும்). வித்தியாசம் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்குள் இருந்தால் சரி. அப்புறம் ஃபென்ஸையும் அதே பள்ளத்தோடு ஒப்பிட்டு இரண்டு முனையிலும் பாருங்கள், பூட்டித் திறந்து மூன்று முறை. மூன்று முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றால் அந்த மிஷினுக்குக் காசு கொடுக்கலாம். டிவால்ட் 7485, 7492 இரண்டிலும் குமிழைத் திருகினால் ஃபென்ஸின் இரண்டு முனையும் பல்சக்கரத்தில் சேர்ந்தே நகரும், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவை பிடிக்கும்.

அடுத்தது உங்கள் ஷெட். 8 அடி பிளைவுட்டை நெடுக அறுக்க பிளேடுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வேண்டும், ஆக 16 அடி. உங்களிடம் இருப்பது 12. முழுத் தகட்டை மிஷினில் ஏற்றுகிற ஆசையை விட்டுவிடுங்கள். தரையில் தெர்மோகோல் போட்டு, அதன் மேல் தகட்டை வைத்து, கையில் பிடிக்கிற சர்க்குலர் சாவால் முதலில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். சரியான அளவுக்கு ஒதுக்குவது மட்டும் டேபிள் சாவில். அப்படிப் பார்த்தால் ஃபென்ஸ் 62 செ.மீ. வரை விலகினால் போதும், 4 அடித் தகட்டில் சரிபாதி 61 செ.மீ.தானே.

50,000த்தையும் மிஷினிலேயே போடாதீர்கள். 10,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். கூடவே வருகிற பிளேடு எல்லாவற்றுக்கும் சுமாராக வரும், எதுக்கும் நன்றாக வராது. நெடுக அறுக்க 24 பல், பிளைவுட்டுக்கு 60 பல் என்று இரண்டு வாங்கிவிடுங்கள். 60 பல்லில் தேக்கை நெடுக அறுத்தால் ஓரம் கருகி ஷெட் முழுக்கப் புகை நாற்றம்.

யூடியூப் பார்த்து 4 இஞ்ச் கட்டிங் மிஷினை பிளைவுட் மேஜைக்கு அடியில் தலைகீழாக மாட்டி டேபிள் சா செய்திருக்கிறேன். செலவு 3,000 ரூபாய்க்குள். நன்றாகவே அறுக்கிறது. இதுவே போதுமா அண்ணா?
– வாசகர், கடலூர் முதுநகர்

தம்பி, கழற்றிவிடு. கெட்டிக்காரத்தனத்துக்குப் பாராட்டு, ஆனால் கழற்றிவிடு. அது கல்லும் டைல்ஸும் வெட்ட வந்த மிஷின், நிமிஷத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் போகும், அதில் மரப் பல் பிளேடு மாட்டி, பிளேடை மூடுகிற கார்டைக் கழற்றி, சுவிட்சை டேப் போட்டு அழுத்தி வைத்திருப்பாய் (இல்லையென்று சொல்லு பார்ப்போம்). அவசரத்துக்கு அணைக்க மேஜைக்கு அடியில் கை விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ரைவிங் நைஃப் கிடையாது.

அது என்னவென்றால், பிளேடுக்குப் பின்னால் அதே வளைவில் நிற்கிற ஒரு தகடு. அறுத்த வாய் மறுபடி மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளும், பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கும். நம் வேம்பில் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், அறுக்கும்போதே முறுக்கிக்கொண்டு வாய் மூடும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒன்றரை அடி வேப்பஞ்சட்டம், 2 இஞ்ச் அகலம். முந்தின நாள் ஒரு பள்ளம் எடுப்பதற்காக ரைவிங் நைஃப்பைக் கழற்றியிருந்தேன், திரும்ப மாட்டச் சோம்பல். சட்டம் பாதி போயிருக்கும். டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் பார்த்தால் நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், சட்டம் எனக்குப் பின்னால் சுவரோரம் கிடக்கிறது. பெல்ட்டுக்கு நாலு விரல் மேலே பட்டிருந்தது. பதினைந்து நாள் அந்த இடம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. பட்டது வயிறு, அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதிலிருந்து பிளேடுக்கு நேர் எதிரே நான் நிற்பதே இல்லை, கொஞ்சம் இடது பக்கம் தள்ளித்தான். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே நாலு விரல் இடம் இல்லையென்றால் மரத்தைத் தள்ளக் கைக்குப் பதில் தள்ளுகுச்சி. அதை நீயே ஒரு துண்டு பிளைவுட்டில் செய்துகொள்ளலாம், 3,000 ரூபாய்கூட ஆகாது.

என் தம்பி பாரிஸில் இருக்கிறான். மருமகன் அமெரிக்காவில். யாரிடம் சொல்லி டேபிள் சா கொண்டுவரச் சொல்லலாம்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

புதுச்சேரியில்தான் இப்படி ஒரு கேள்வி வரும்! இரண்டில் ஒன்று என்றால் தம்பி. பிரான்ஸிலும் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு, அதை எடுத்துவிட்டு நம் 16 ஆம்ப் பிளக்கை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிக்கொள்ளுங்கள். பயணத்துக்கு விற்கிற சின்ன அடாப்டரில் செருகாதீர்கள், உருகிவிடும். அமெரிக்க மிஷின் 120 வோல்ட், அதுக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஷெட்டில் ஒரு மூலையை அதுக்கே எழுதிவைக்க வேண்டும்.

பிளேடின் நடுத்துளையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய மிஷின்களில் பெரும்பாலும் 30 மி.மீ., அமெரிக்காவில் 5/8 இஞ்ச், அதாவது 16 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு. எது வந்தாலும் அந்தத் துளைக்குப் பிளேடு இங்கே கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அப்புறம், நல்ல போர்ட்டபிள் மிஷினே 20 கிலோவைத் தாண்டும். உங்கள் தம்பி மிஷினைக் கொண்டுவந்தால் வேறு எதுவும் கொண்டுவர மாட்டார். ரிப்பேர் என்றால் வாரண்டியும் இங்கே செல்லாமல் போகலாம். என்னைக் கேட்டால் இங்கேயே வாங்குங்கள், தம்பியிடம் ஒரு நல்ல பிளேடு மட்டும் கேளுங்கள்.

விரல் பட்டால் தானாக நின்றுவிடும் மிஷின் இருக்கிறதாமே?
– வாசகர், விருத்தாசலம்

இருக்கிறது, பெயர் சாஸ்டாப். 1999இல் ஸ்டீவன் காஸ் என்ற அமெரிக்கர் யோசித்தது. பிளேடில் சின்ன மின் சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும், தோல் பட்டதும் அது மாறும், உடனே ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பல்லில் சொருகிக்கொள்ளும், 5 மில்லி செகண்டுக்குள் பிளேடு நின்று கீழே இறங்கிவிடும். விரலில் ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். ஆனால் ஒரு முறை வேலை செய்தால் அந்தக் கட்டையும் பிளேடும் போச்சு, புதிதாக வாங்க வேண்டும். ஈரம் சொட்டுகிற மரத்தைக்கூட விரல் என்று நினைத்துக்கொள்ளும். நம் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை. இருக்கிற மிஷினில் கார்டைக் கழற்றாமல் இருங்கள், அதுவே பாதி சாஸ்டாப்.

கடற்கரைக்குப் பக்கத்திலேயே வீடு. எந்த இரும்பும் ஆறு மாதம் தாங்குவதில்லை. டேபிள் சா தாங்குமா? ஃபெஞ்சல் புயலில் எங்கள் வேப்பமரம் சாய்ந்தது, அடிமரம் அப்படியே கிடக்கிறது, அதை இந்த மிஷினில் பலகையாக அறுக்கலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

இரண்டாவது கேள்விக்கு முதலில். கூடவே கூடாது. உருண்டைக் கட்டை மேஜையில் உருளும், உருண்டால் பிளேடு கவ்வும். மேஜையில் படிய ஒரு தட்டைப் பக்கம், ஃபென்ஸில் அணைக்க ஒரு நேர்ப் பக்கம், இரண்டும் இருந்தால்தான் டேபிள் சா. மரவாடிக்குக் கொண்டுபோய் ஒன்றரை இஞ்ச் பலகையாக அறுத்துவிடுங்கள். வந்ததும் நடுநடுவே ரீப்பர் (மெல்லிய சட்டம்) வைத்து அடுக்கி, நிழலில், காற்றுப் படும்படி சில மாதம் விட்டுவிடுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் விழுந்த பலாவில் கொஞ்சம் நானும் வாங்கினேன். அவசரப்பட்டு ஈரத்தோடு செய்த ஒரு ஸ்டூல் இன்றும் என் வீட்டில் மூன்று காலில்தான் நிற்கிறது.

விழுந்த மரத்தில் ஆணி இருக்கும், மறக்காதீர்கள். கொடி கட்டியது, போர்டு அடித்தது, எல்லாம் மரத்துக்குள் போய்ப் புதைந்திருக்கும். பழைய வீடு இடித்த தேக்கு வாங்குகிறவர்களுக்கும் இதேதான். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டிப் பலகை மேல் மெதுவாக ஓட்டினால் ஆணி இருக்கிற இடத்தில் சுண்டி இழுக்கும்.

துருவுக்கு: அலுமினிய மேஜை போட்ட மிஷினாக வாங்குங்கள், வார்ப்பிரும்பு நம் காற்றுக்கு ஆகாது. துருப்பிடிப்பது பிளேடும், அதை இறுக்குகிற நட்டும், ஏற்றி இறக்குகிற பல்சக்கரமும்தான். அதில் எண்ணெய் விடுவார்கள், விடாதீர்கள். எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்தால் களி. மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டாலே போதும், மேஜைக்கும் அதேதான். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துவிடும், பழைய பருத்திப் போர்வை நல்லது.

சுவிட்ச் போட்டதும் வீட்டு விளக்கெல்லாம் மங்குகிறது. சில நேரம் எம்சிபி விழுகிறது.
– வாசகர், நெல்லிக்குப்பம்

விளக்கு பிளக்கில் மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1800 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 8 ஆம்ப், கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும். 6 ஆம்ப் பாயின்ட் தாங்காது. 16 ஆம்ப் பாயின்ட் தனி லைனில் போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்றால் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, அதையும் சுருளிலிருந்து முழுக்கப் பிரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், சுருட்டியபடி ஓட்டினால் சூடேறும். இன்வெர்ட்டரில் ஓட்டுகிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். சத்தம் குறைந்த போர்ட்டபிள் டேபிள் சா எது?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

அப்படி ஒன்று இல்லை. தூக்கிக்கொண்டு போகிற மிஷினில் இருப்பது மிக்ஸியில் இருக்கிற அதே ஜாதி மோட்டார், கத்தத்தான் செய்யும். இண்டக்ஷன் மோட்டார் போட்டது அமைதியாக ஓடும், ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும். காலுக்கு அடியில் ரப்பர் பாய் போட்டால் தரை அதிர்வு குறையும். ஜன்னலை மட்டும் சாத்தாதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு நிறுவனம் 1995லேயே சொல்லிவிட்டது, மூடின அறையில் மாஸ்க் இல்லாமல் ஓட்டுவது சரியில்லை. காதுக்கும் ஒரு மூடி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் பக்கத்து வீட்டுப் பாட்டியும் முதலில் சண்டைக்குத்தான் வந்தார். அவருக்குப் பூஜைக்கு ஒரு மணைப்பலகை செய்து கொடுத்தேன். மத்தியானம் 4 மணி வரை தூங்குவேன், அதுக்கு அப்புறம் ஓட்டிக்கோ என்றார். இப்போது 4 மணிக்கு மிஷின் சத்தம் வரவில்லை என்றால், என்னப்பா உடம்பு சரியில்லையா என்று மதில் மேல் எட்டிப் பார்க்கிறார்.