‘யூனிட் ஏழு ரூபாய்’ என்பவரிடம் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: சாயல்குடி பக்கம் ஐந்து ஏக்கர் நிலம், முழுக்கச் சீமைக்கருவேலம். ஒரு மெகாவாட் சோலார் போட்டால் 25 வருடத்துக்கு யூனிட் ஏழு ரூபாய்க்கு மின்வாரியம் வாங்கிக்கொள்ளும் என்கிறார் ஒருவர். ஃபைல் நகர முன்பணமும், நிலத்துக்குப் பவரும் (பொது அதிகாரப் பத்திரம்) கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டுமே கூடாது.

கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 பைசா. அது அந்தக் காலத்துக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்த விலை. இப்போது பெரும்பாலும் டெண்டர்தான். குறைத்துக் கேட்டவருக்கே ஒப்பந்தம். பெரிய நிலையங்களே மூன்று ரூபாய்க்குக் கீழே கேட்கின்றன. டெண்டரோ திட்ட அறிவிப்போ இல்லாமல் எந்தத் தரகரும் ஒப்பந்தம் வாங்கித் தர முடியாது.

நிலம் போதும், ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, பக்கத்துத் துணை மின்நிலையம் எத்தனை கிலோமீட்டர், அங்கே இன்னும் மின்சாரத்தை ஏற்கக் கொள்ளளவு மிச்சம் இருக்கிறதா என்பது. உற்பத்தியைக் கணக்கெடுக்கும் மீட்டர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வழியில் கம்பியில் போகும் இழப்பு உங்கள் தலையில். வருடத்துக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் வரும் நிலையத்தில் இரண்டு சதவீதம் போனாலும் 32,000 யூனிட்.

பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தால் அதை வைத்து நிலத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் முடியும். வாரியம் கேட்பது நில உரிமை அல்லது பதிவான குத்தகை. பவர் கேட்பவருக்கு வேண்டியது உங்கள் நிலம், மின்சாரம் அல்ல. முன்பணம் வாங்கிக்கொண்டு ‘ஃபைல் சென்னையில் இருக்கிறது’ என்றே வருடம் ஓட்டுவார்கள்.

குத்தகைக்கு விடுவது வேறு. விவசாயிகளுக்கான மத்திய அரசின் சோலார் திட்டமான பிஎம் குசுமில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை, துணை மின்நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்துக்கு முன்னுரிமை. விவசாயி முதல் போடாமல், நிலையம் போடும் கம்பெனிக்கு நிலத்தை மட்டும் கொடுக்கலாம். வாடகையை ஏக்கருக்கு இவ்வளவு என்றோ யூனிட்டுக்கு இவ்வளவு என்றோ பேசலாம். ஏக்கர் கணக்கே பேசுங்கள். மதியம் வாங்க ஆளில்லை என்று உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் நாட்கள் உண்டு. யூனிட் கணக்கில் அன்றைய நட்டம் உங்களுக்கும் சேரும். முன்பே பேசிய வாடகையைக் கம்பெனி வழியாக இல்லாமல் மின்விநியோக நிறுவனமே (மின்வாரியம்) நேராக உங்கள் வங்கிக் கணக்கில் மாதாமாதம் போட அந்தத் திட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வாசகம் குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்களே நிலையம் போடுவதானால் கடன் தவணைக்குத் தனியாகப் பணம் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு கெடு இல்லையென்றால் பில் கொடுத்த 45 நாளில் பணம், தாமதித்தால் வட்டி என்று மத்திய அரசின் 2022 விதி சொல்கிறது. விதி அதன் பாட்டுக்கு இருக்கும். வங்கி உங்களிடம் தவணை கேட்க 45 நாள் காத்திருக்காது.