டெர்மினலில் நேற்றிலிருந்து மாறிய ஃபைல்களைக் கண்டுபிடிப்பது எப்படி? ஃபைல் தேடும் ஃபைண்ட் கட்டளையைப் போட்டால் ஒன்றுமே வரவில்லையே?

நீங்கள் ‘-எம்டைம் 1’ என்று போட்டிருப்பீர்கள். (எம்டைம் என்பது ஃபைலின் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம், எண் நாள் கணக்கு.) போட்ட கட்டளையைக் கேள்வியில் காட்டவில்லை, இருந்தாலும் பந்தயமே கட்டுவேன். ஏனென்றால் நானும் அதைத்தான் போட்டேன்.

அந்த 1க்கு முன்னால் ஒரு மைனஸ் வேண்டும்: ‘ஃபைண்ட் . -எம்டைம் -1’. (தமிழில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.) வெறும் 1 என்றால் 24 மணி நேரத்துக்கு முன், ஆனால் 48 மணி நேரத்துக்குள் மாறியவை மட்டும். இன்று காலை மாறிய ஃபைல் அதில் வரவே வராது. ‘+1’ போட்டால் 48 மணி நேரம் தாண்டியவைதான் வரும், பின்னத்தை வெட்டிவிட்டு முழு நாளாக எண்ணுவதால். நிமிடக் கணக்கு வேண்டுமென்றால் ‘-எம்மின் -60’, கடைசி ஒரு மணி நேரம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மைனஸ் போட்டும் நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது.

2018 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. மறுநாள் போகி. பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ராத்திரி ஏழரைக்குத் திருநெல்வேலி பஸ், பை மேசைக்கு அடியில் தயார். ஐந்து மணிக்கு வாடிக்கையாளரிடமிருந்து மெயில்: இன்வாய்ஸில் வரி 15 சதவீதம் என்று வருகிறது. ஜிஎஸ்டி வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது, 18 இருக்க வேண்டும். 15 என்பது பழைய சர்வீஸ் டாக்ஸ். காலையில் சரியாகத்தான் வந்ததாம்.

மேனேஜர் என்னிடம் வந்து, சர்வரில் என்ன மாறியது என்று பார்க்கச் சொன்னார். ‘-எம்டைம் 1’ போட்டேன், காலி. மைனஸ் சேர்த்துப் போட்டேன், லாக் ஃபைல்கள் மட்டும். “சார், இன்று எதுவுமே மாறவில்லை” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவரும் அதை அப்படியே வாடிக்கையாளருக்கு எழுதிவிட்டார். அப்புறம் இரண்டு மணி நேரம் நாங்கள் டேட்டாபேஸைக் குடைந்துகொண்டிருந்தோம்.

பக்கத்து டீமில் கோவில்பட்டிக்காரர் ஒருவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். டீ குடிக்கப் போகிற வழியில் என் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்து, “சிடைம் பாத்தியாப்பா?” என்றார். அவ்வளவுதான். ‘-சிடைம் -1’ போட்டேன். வரி விகிதம் இருக்கிற கான்ஃபிக் ஃபைல் வந்து நின்றது. ஃபைலின் விவரம் காட்டும் ஸ்டாட் கட்டளை போட்டுப் பார்த்தால் மாடிஃபை தேதி 2017 ஜூன், சேஞ்ச் தேதி அன்றைக்கு மதியம்.

நடந்தது இதுதான். டீமில் ஒருவருக்கு ஒரு பழைய டெம்ப்ளேட் தேவைப்பட்டது. ஜூன் மாத பேக்கப் டாரை (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை) எடுத்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் பிரிக்காமல் மொத்தத்தையும் அதே ஃபோல்டரில் பிரித்துவிட்டார். டார் பிரிக்கும்போது பழைய எம்டைமையே திருப்பி வைத்துவிடும். நகலெடுக்கும் கட்டளைகளில் ‘சிபி -பி’யும் அப்படித்தான், ‘ஆர்சிங்க் -ஏ’யும் அப்படித்தான். டச் கட்டளையால் எம்டைமை எந்தத் தேதிக்கும் மாற்றலாம். சிடைம் அப்படி இல்லை, ஐநோட் (ஃபைலின் அனுமதி, அளவு போன்ற விவரங்களின் பதிவு) மாறிய நேரத்தை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலே எழுதுகிறது. சிடைம் என்றால் ஃபைல் உருவான நேரம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது இல்லை. பெயரை மாற்றினாலும், அனுமதியை மாற்றும் சிமாட் போட்டாலும்கூட சிடைம் நகரும், அதனால் தேவையில்லாததும் சேர்ந்து வரும். ‘-நேம்’ போட்டு ஃபைல் பெயரால் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

‘கிட்டில் வைத்திருந்தால் இதெல்லாம் தேவையா’ என்று கேட்க வருகிறவர்களுக்கு (கிட் என்பது ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி): வைத்திருக்கவில்லை. எட்டு மாதப் பையன் சொன்னால் வைப்பார்களா?

ஃபைலைச் சரிசெய்து இன்வாய்ஸை மறுபடி ஓட்டி முடிக்க எட்டரை. பஸ் போய்விட்டது. 1,900 ரூபாய் டிக்கெட், ஒரு பைசா திரும்பவில்லை. அப்போது சாதாரண நாளில் அதே சீட் 800. தமிழக அரசு பஸ் ஸ்டிரைக் அந்த வாரம்தான் முடிந்திருந்தது, அதைச் சாக்காக வைத்து ஆம்னிக்காரர்கள் ஏற்றின ஏற்றம் இருக்கிறதே! பண்டிகைக்குப் பண்டிகை இதே கூத்துதான், கேட்க நாதியில்லை. அத்திப்பள்ளி தாண்டி ஓசூர், ஓசூரிலிருந்து சேலம் வரை நின்றுகொண்டே, அங்கிருந்து மதுரை, மதுரையில் வேறு பஸ். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது போகி முடிந்து, அம்மா வாசலில் கோலம் போட ஆரம்பித்திருந்தாள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘நேற்று’ என்று நீங்கள் சொல்வது காலண்டர் நாள் என்றால், லினக்ஸில் எம்டைமுக்கு முன்னால் ‘-டேஸ்டார்ட்’ சேருங்கள், நள்ளிரவை வைத்து எண்ணும்; அப்போது ‘-1’ இன்று மட்டும், நேற்றும் சேர ‘-2’. சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால் அந்த நள்ளிரவு நமக்குக் காலை ஐந்தரை. குறிப்பிட்ட தேதியிலிருந்து வேண்டுமென்றால் ‘-நியூயர்எம்டி’ போட்டு, பக்கத்தில் தேதியை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள்.

இன்னொன்று. பழைய ஃபைல்களை அழிக்க இதே கட்டளையில் ‘-டெலீட்’ சேர்ப்பதாக இருந்தால் அது கடைசியில்தான் வர வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். டெலீட் முதலில் இருந்தால் தேதியைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாம் போய்விடும். இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.