ஹாட்ஸ்பாட்: வாசகர் கேள்விகள்

போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் மகளின் லேப்டாப்பில் வைஃபை கோடு முழுசாகத் தெரிகிறது. ஆனாலும் ஆன்லைன் வகுப்பு நின்று நின்றுதான் ஓடுகிறது. ஏன்? (அம்பாசமுத்திரம்)

லேப்டாப்பில் தெரியும் கோடு, போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவிலுள்ள இணைப்பை மட்டும்தான் காட்டும். நெட் வருவது டவரிலிருந்து போனுக்கு. போன் அதை வைஃபையாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். அதனால் போன் திரையின் மேலே இருக்கும் டவர் கோட்டைப் பாருங்கள். கெட்டிச் சுவர் வைத்த பழைய வீடுகளில் அடுக்களைப் பக்கம் போனாலே அது படுத்துவிடும்.

நிறையப் பேர் போனை லேப்டாப்பை ஒட்டியே வைக்கிறார்கள். அதில் பலனில்லை. தார்சா ஜன்னலிலோ மச்சிலோ டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் போனை வையுங்கள். பிள்ளை நாலைந்து மீட்டர் தள்ளி உட்காரட்டும். சாயங்காலம் மட்டும் இழுக்கிறதென்றால், அந்த டவரில் கூட்டம் அதிகம். அதற்கு வீட்டுக்குள் வைத்தியம் கிடையாது.

ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை கேட்கிறதே, எதைப் போட? (மேலப்பாளையம்)

ஒரே அறை என்றால் 5. நடுவில் சுவர் இருந்தால் 2.4, வேகம் குறைந்தாலும் எட்டும். ஆனால் வீடுகள் நெருங்கிய தெருவில் 2.4-ல் நெரிசல். ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்புகூட அதே அலைவரிசைதான்.

கடையில் ஐந்து பேர் என் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தால் வேகம் குறையுமா? (வள்ளியூர்)

குறையும். ஒரே சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரே பாதையில், பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். அதிலும் தூரத்தில், வாசலில் நிற்பவரின் போன் மெதுவாகப் பேசி மற்றவர்களின் நேரத்தையும் தின்றுவிடும்.

ஜங்ஷனில் இலவச வைஃபையில் பேங்க் வேலை பார்க்கலாமா? (பாளையங்கோட்டை)

வேண்டாமே. பேங்க் ஆப் தன் தகவலைப் பூட்டித்தான் அனுப்பும், சரி. ஆனால் அதே பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு ஹாட்ஸ்பாட் போட்டு, போலிப் பக்கத்தைக் காட்டி ஓடிபி கேட்கலாம். பணம் அனுப்பும் அந்த இரண்டு நிமிடம் சொந்த டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

போன் கொதிக்கிறது. (களக்காடு)

டவரோடும் வைஃபையோடும் ஒரே நேரத்தில் பேசுவதால் சூடு. யூஎஸ்பி ஒயரில் இணைத்து டெதரிங் (போனின் நெட்டை ஒயர் வழியே லேப்டாப்புக்குத் தருவது) போடுங்கள், வைஃபை வேலை மிச்சம்.

லேப்டாப்பை இணைத்ததும் ஒரு நாள் டேட்டா அரைமணியில் காலி! (திசையன்விளை)

விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும். செட்டிங்ஸில் அந்த வைஃபையைத் தொட்டு ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்காது.