இரண்டு பள்ளிக்கும் ஒரே டைவர்சிட்டி எண் என்றால் இரண்டும் ஒன்றா?

கேள்வி: என் கணவருக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்திருக்கிறது. நாலாம் வகுப்பு படிக்கும் மகளோடு சென்னையிலிருந்து கிளம்புகிறோம். வீடு தேடும்போது பள்ளிகளுக்கு ‘இனப் பன்முகத்தன்மை’ என்று ஓர் எண் போட்டிருப்பதைப் பார்க்கிறேன். எங்களுக்குப் பிடித்த இரண்டு பள்ளிகளுக்குமே அது 46. அப்படியானால் இரண்டும் ஒரே மாதிரிதானா? இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் நேரெதிராகக்கூட இருக்கலாம்.

வழக்கமான முறையில் கணக்கிட்டிருந்தால் அந்த எண்ணின் பொருள் இதுதான்: பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் வெவ்வேறு இனப் பிரிவைச் சேர்ந்தவர்களாக இருப்பதற்கு நூற்றுக்கு 46 வாய்ப்பு. கணக்கும் கடினமில்லை. ஒவ்வொரு பிரிவின் பங்கையும் அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும்.

ஒரு பள்ளியில் ஆசியர் 70 சதவீதம், வெள்ளையர் 20, கறுப்பினத்தவர் 10 என்று வைத்துக்கொள்வோம். 0.49, 0.04, 0.01 கூட்டினால் 0.54. ஒன்றிலிருந்து கழித்தால் 0.46. இப்போது வெள்ளையர் 70, கறுப்பினத்தவர் 20, ஆசியர் 10 என்று மாற்றிப் போடுங்கள். அதே 46 வரும். ஆனால் முதல் பள்ளியில் இருபது பேர் வகுப்பில் பதினான்கு பேர் ஆசியப் பிள்ளைகள். இரண்டாவதில் உங்கள் மகளையும் சேர்த்து இரண்டே பேர். பிள்ளையின் அன்றாடத்துக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு! யார் எத்தனை பேர் என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது. ஒரே பிரிவு ஆதிக்கமாக இருக்கிறதா, பல பிரிவுகள் பரவலாக இருக்கின்றனவா என்பதை மட்டும்தான் சொல்லும்.

இதன் அடிப்படைச் சூத்திரத்தை 1949-இல் எட்வர்ட் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் வெளியிட்டார். சூழலியலில் உயிரினங்களின் வகைமையை அளக்கவும் இது பயன்படுகிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமும் இதே வழியில்தான் கணக்கிடுகிறது. அதன்படி 2010-இல் நாடு முழுமைக்கும் 54.9 ஆக இருந்த எண் 2020-இல் 61.1 ஆனது. மாநிலங்களில் முதலிடம் ஹவாய்க்கு, 76. அந்த அலுவலகம் மக்களை எட்டுப் பிரிவாகப் பிரிப்பதால், எண் அதிகபட்சம் 87.5 வரைதான் போக முடியும். ஆகவே 46-ஐத் தேர்வு மதிப்பெண் போலப் பார்த்து, ‘பாஸ் கூட இல்லையே’ என்று கவலைப்பட வேண்டாம்.

பிரிவுகளை யார் வகுத்தது என்பதையும் கேட்க வேண்டும். இவை உயிரியல் சொல்லும் பிரிவுகள் அல்ல. சமூகமும் அரசும் வகுத்தவை. 1970 கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980-இல் ‘ஆசிய இந்தியர்’ என்று தனிக் கட்டம் வந்தது. மனிதர்கள் மாறவில்லை, படிவம் மாறியது. 2010-இல் 2.9 சதவீதமாக இருந்த கலப்பினத்தவர் 2020-இல் 10.2 சதவீதம் ஆனதற்கும், கேள்வியின் வடிவமைப்பும் பதில்களை வகைப்படுத்தும் முறையும் மாறியது ஒரு முக்கியக் காரணம் என்று அந்த அலுவலகமே சொல்கிறது.

உங்களுக்கு இதில் நேரடியான விஷயம் ஒன்று உண்டு. தமிழர், பஞ்சாபியர், சீனர், கொரியர், பிலிப்பினோ எல்லோரும் ‘ஆசியர்’ என்ற ஒரே கட்டத்தில்தான் விழுவார்கள். ஐந்து மொழி பேசும் வகுப்பறை இந்தக் கணக்கில் ஒரே நிறமாகத் தெரியும். நியூ ஜெர்சி மாநிலக் கல்வித்துறை ஆண்டுதோறும் பள்ளிவாரியாக வெளியிடும் செயல்பாட்டு அறிக்கையில் இனவாரி எண்ணிக்கையோடு மாணவர்களின் வீட்டு மொழி விவரமும் இருக்கும். என்னைக் கேட்டால், 46-ஐ விட அந்த ஒரு பக்கம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

அப்புறம், சேர்ந்து இருப்பதும் சேர்ந்து வாழ்வதும் வேறு. சிகாகோ நகரில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) மூவருமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பன்முகத்தன்மை எண் நன்றாகவே வரும். ஆனால் தெற்குப் பகுதியின் பல குடியிருப்புகளில் கறுப்பினத்தவரே மிகப் பெரும்பான்மை, வடக்கின் பல இடங்களில் வெள்ளையர். இந்தப் பிரிவினையை அளக்க வேறு குறியீடு இருக்கிறது: எல்லாப் பகுதிகளிலும் சம விகிதம் வர வேண்டுமானால் ஒரு பிரிவில் நூற்றுக்கு எத்தனை பேர் வீடு மாற வேண்டும் என்று பார்ப்பார்கள். 60-க்கு மேல் போனால் கடுமையான பிரிவினை என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு.

பள்ளிக்குள்ளும் இதே கேள்வி எழும். நுழைவாயிலில் எல்லாப் பிள்ளைகளும் கலந்து வருவார்கள். திறன் கூடிய பிள்ளைகளுக்கான கணித வகுப்புக்குள் போனால் ஒன்றிரண்டு பிரிவினர் மட்டும் இருக்கக்கூடும். பெற்றோர் அவசியம் பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்கக் கல்வித்துறையின் ‘சிவில் ரைட்ஸ் டேட்டா கலெக்‌ஷன்’ தளத்தில், சிறப்புத் திறன் வகுப்புகளில் யார் யார், இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் யார் என்பதெல்லாம் இனவாரியாகக் கிடைக்கும். மொத்த மாணவர்களில் ஒரு பிரிவினர் 20 சதவீதமாக இருந்து, இடைநீக்கத்தில் பாதியாக இருந்தால், பள்ளியைப் பார்க்கப் போகும்போது அதைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள்.

ஊருக்கான எண்ணைப் பள்ளிக்கான எண்ணாக நினைத்துவிடாதீர்கள். 2020-இல் நாட்டு மக்களில் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 57.8 சதவீதம், 18 வயதுக்குக் கீழே பார்த்தால் பாதிக்கும் குறைவு. ஊரில் காணும் முகங்களும் வகுப்பில் காணும் முகங்களும் வேறாக இருக்கும்.

சரி, சேர்க்கைப் படிவத்திலும் இனம் கேட்பார்கள். ‘ஆசியர்’ என்பதை நீங்களே குறித்துவிடுங்கள். காலியாக விட்டால், பிள்ளையைப் பார்த்துப் பள்ளி ஊழியரே ஒரு கட்டத்தை நிரப்பும் நடைமுறை அங்கே உண்டு.