அந்த ‘இதர’ இருக்கிறதே…

கேள்வி: சுயமுன்னேற்றத்துக்கு முதல் படி தன்னிடம் உண்மையாக இருப்பதுதான் என்கிறார்கள். தினமும் டைரி எழுதுகிறேன். வரவு செலவும் குறித்து வைக்கிறேன். மற்றும் இதர வழிகள் உண்டா?

பதில்: ‘மற்றும்’ மீது இந்தப் பக்கத்துக்கு உள்ள பழைய பகை ஊருக்கே தெரியும். அது கூடவே ‘இதர’வையும் கூட்டிக்கொண்டு வந்தால் விடுவோமா?

திருவிழாக் கமிட்டியின் வரவு செலவு நோட்டீஸைப் பாருங்கள். பந்தல், மேளம், வாணவேடிக்கை எல்லாம் தனித்தனியாக இருக்கும். பெரிய தொகை ‘இதர வகை’யில் உட்கார்ந்திருக்கும். சங்கக் கூட்டங்களில் கடைசி அயிட்டம் ‘இதர விஷயங்கள்’. பாதிப் பேர் டீ குடிக்க எழுந்துபோனபின், செயலாளர் நினைத்தது அங்கேதான் நிறைவேறும்.

உங்கள் நோட்டிலும் அரிசி, பால், கரண்ட் பில் எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும். கீழே ‘இதர – 1,850’ என்று ஒரு வரி. நீங்கள் ஒளிந்திருப்பது அங்கே. ஒரு மாதம் அந்தத் தலைப்பே வேண்டாம். பணம் கொடுத்த இடத்திலேயே குறியுங்கள்; ராத்திரி உட்கார்ந்தால் ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் வேலை செய்யும். காலையில் பர்ஸில் இருந்ததிலிருந்து ரொக்கச் செலவைக் கழித்து, மிச்சத்தை எண்ணிப் பாருங்கள். ஜிபேயில் போனதற்குப் போனிலேயே பட்டியல் இருக்கிறது. நூறு ரூபாய் உதைத்தால் ‘தெரியவில்லை – 100’ என்றே எழுதுங்கள். காய்கறியில் ஏற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும். பலரும் சறுக்குவது அங்கேதான். லண்டனில் படித்த காலத்தில் காந்தி பஸ் கட்டணம், தபால்தலை, பேப்பர் வாங்கிய சில்லறை வரை எழுதி, படுக்கப்போகும் முன் கணக்கு முடிப்பார்.

டைரிக்கு வருவோம். ‘அண்ணியிடம் கொஞ்சம் கோபப்பட்டேன்’ என்று எழுதுகிறீர்களா? அந்தக் ‘கொஞ்சம்’தான் டைரியின் ‘இதர’. வாயிலிருந்து வந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், மணியோடு. உடனே எழுத வேண்டும். தன் முடிவுக்கு எதிரான தகவல் எது கண்ணில் பட்டாலும் டார்வின் அங்கேயே குறித்துக்கொள்வார். சாதகமானதைவிட அதுதான் சீக்கிரம் மறந்துபோகிறது என்று கண்டுவைத்திருந்தார்.

‘முதல் படி’ பற்றி ஒரு வார்த்தை: அப்படித் தொடங்கும் புத்தகங்களில் இரண்டாம் படி எப்போதும் அடுத்த பாகத்தில்தான் வரும், தனி விலையில்.

இதர வழிகளா? ‘தெரியவில்லை’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.