பக்கத்திலேயே ஓசூர் இருந்தும் தருமபுரிக்காரர்கள் ஏன் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள்?

முதலில் தண்ணீர். பென்னாகரம், அரூர் பக்கம் மானாவாரி நிலம்தான் அதிகம். ராகியும் நிலக்கடலையும் அறுத்துவிட்டால் அடுத்த மழை வரை காட்டில் வேலை கிடையாது. பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு பெங்களூரு கட்டட வேலைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். காவிரி என்னவோ ஒகேனக்கல்லில் இதே மாவட்டத்தில்தான் விழுகிறது. ஆறு பள்ளத்தில், நிலம் மேட்டில்; என்ன செய்வது!

சரி, ஓசூர்? சிப்காட் தொழிற்பேட்டையும், 40 கிலோமீட்டரில் பெங்களூரும் சேர்ந்து வளர்த்த ஊர் அது. அங்கே ஐடிஐ, டிப்ளமோ கேட்பார்கள், வாடகையும் கூடுதல். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் நகரவாசிகள் சுமார் 17 சதவீதம்தான். அதனால் இங்கே இன்னொரு ஓசூரை உருவாக்குவதைவிட, ஏரிகளைத் தூர்வாருவதும் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள்போல விளைச்சலை ஒட்டிய தொழில்களும்தான் ஆட்களை ஊரில் நிறுத்தும் என்பது என் எண்ணம். மாங்கூழும் சீசன் வேலைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.